‘மழையால்’ என்று தொடங்கும் ஆங்கில வாக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் காலங்களில் பத்திரிகைகளின் கல்விப் பக்கங்களில் ஆங்கில ‘பிறேசல் வேர்ப்’ (ஒட்டுச் சொல் சேர்ந்து வரும் வினை) பட்டியல்கள் வருகின்றன. ஒரு பக்கம் ஆங்கில வினை, எதிர்ப்பக்கம் தமிழ்ப் பொருள். காரணத்தையும் விளைவையும் சொல்லும் வினைகள் அவற்றில் பத்து இருந்தால், பத்துக்கும் எதிரே ‘ஏற்படுத்து’, ‘காரணமாகு’, ‘விளைவி’ ஆகிய மூன்றில் ஒன்றுதான் இருக்கும். வன்னிப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி, வரி தவறாமல் பாடமாக்குகிறார்கள். கட்டுரை எழுதும்போது பாடமாக்கிய வினை சரியாகவே வந்து விழும். வாக்கியம் மட்டும் பிழைத்துப்போகும். காடழிப்பு, வீதி விபத்து, டெங்கு, வெள்ளம் என்று பிள்ளைகள் பயிலும் கட்டுரைத் தலைப்புகள் எல்லாமே காரணமும் விளைவும்தான். ஆகவே இந்தப் பிழை ஒரு வினாவோடு நின்றுவிடுவதில்லை.

பிழை எங்கே பிறக்கிறது, எப்படித் திருத்தலாம் என்பதை இங்கே எழுதுகிறோம். வீட்டில் கொப்பி பார்க்கும் பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பதால் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் தாயான பிழை இது: ‘டியூ டு ஹெவி றெயின் லெட் டு ஃப்ளட்ஸ்.’ பிள்ளை சொல்ல நினைத்தது கடும் மழையால் வெள்ளம் வந்தது என்பதை. தமிழில் இது குறையற்ற வாக்கியம். வெள்ளம் எழுவாய், மழை ‘ஆல்’ உருபை ஏற்றுக் காரணமாக நிற்கிறது, ‘வந்தது’ என்பது சாதாரண வினை. நம் வாயில் காரணம் எப்போதும் ஏதோ ஓர் உருபையோ ‘காரணமாக’, ‘படியால்’ போன்ற சொல்லையோ ஒட்டிக்கொண்டே வரும். ‘லீட் டு’ (இறந்தகாலத்தில் ‘லெட் டு’) என்ற ஆங்கில வினை அப்படியல்ல. அது காரணத்தையே எழுவாயாக நிறுத்தச் சொல்கிறது: ‘ஹெவி றெயின் லெட் டு ஃப்ளட்ஸ்.’ மழை இங்கே உருபு எதுவும் இல்லாமல் வெறுமனே நிற்கிறது, ஏனென்றால் ‘ஆல்’ வினைக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளையோ தமிழ்ப் பழக்கத்தில் ‘ஆல்’ என்பதற்கு ‘டியூ டு’ போட்டுவிட்டு, பாடமாக்கிய ‘லெட் டு’வையும் போடுகிறது. ஆல் இரண்டு தரம் வந்துவிட்டது. எழுவாய் காணாமற் போய்விட்டது.

இதைத் திருத்த நீண்ட இலக்கண விளக்கம் தேவையில்லை. ‘ஆல்’ ஓரிடத்தில் மட்டும் என்று சொன்னால் போதும். ‘டியூ டு’, ‘பிகோஸ் ஒஃப்’ என்று தொடங்கினால் பின்னால் சாதாரண வினை வரவேண்டும்: ‘பிகோஸ் ஒஃப் ஹெவி றெயின், த ஃபீல்ட்ஸ் வேர் ஃப்ளடட்.’ ‘லெட் டு’ வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் ‘பிகோஸ் ஒஃப்’ஐ வெட்டிவிட வேண்டும். வெட்டியதும் மிச்சம் சரியான வாக்கியமாக நிற்பதைப் பிள்ளை தன் கண்ணால் காணும்.

அடுத்தது திசை. ‘றிசல்ட்’ என்றால் விளைவு என்று பிள்ளைக்குத் தெரியும். ஆனால் ‘றிசல்ட் இன்’, ‘றிசல்ட் ஃப்றொம்’ என்று இரண்டு இருக்கின்றன. பட்டியலில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பொருள். உண்மையில் இவை எதிரெதிர்த் திசையில் ஓடும் வினைகள். ‘ஸ்பீடிங் றிசல்ட்ஸ் இன் அக்சிடன்ட்ஸ்’ என்றால் வேகம் காரணம், விபத்து விளைவு. ‘அக்சிடன்ட்ஸ் றிசல்ட் ஃப்றொம் ஸ்பீடிங்’ என்றாலும் செய்தி அதேதான், ஆனால் விளைவு முன்னே வந்துவிட்டது. தமிழ்ப் பேச்சில் காரணம் முன்னும் விளைவு பின்னுமாகச் சொல்லியே பழகிய பிள்ளைக்கு இந்த இரண்டாவது ஒழுங்குதான் இடறும். விபத்தால் வேகம் வந்தது என்று பொருள்படும் வாக்கியங்கள் விடைத்தாள்களில் இதனால்தான் வருகின்றன.

இதற்குத் திறவுகோல் தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று பொருள்கள் சொல்லிக் கொடுக்கிறோம். ஏது என்றால் காரணம். ‘இருந்து’ என்று நீங்கலைக் காட்டும் உருபே காரணத்தையும் காட்டலாம் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல. ‘ஃப்றொம்’ அந்த ‘இருந்து’தான். ‘றிசல்ட் ஃப்றொம்’, ‘ஸ்டெம் ஃப்றொம்’, ‘அறைஸ் ஃப்றொம்’ மூன்றிலும் ‘ஃப்றொம்’முக்குப் பின்னால் நிற்பது காரணம். ‘லீட் டு’, ‘றிசல்ட் இன்’, ‘பிறிங் அபவுட்’, ‘பிறிங் ஒன்’, ‘செட் ஓஃப்’, ‘கிவ் றைஸ் டு’ ஆகியவற்றின் பின்னால் நிற்பது விளைவு. ‘டு’ என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ‘புட் டவுன் டு’வுக்குப் பின்னால் காரணம்தான் வரும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

பிள்ளை தானே சோதிக்க ஒரு வழி உண்டு. வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘கோஸ்ட்’ (ஏற்படுத்தியது) என்று போட்டுப் பார்க்கட்டும். பொருள் சரியாக வந்தால் அது காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும் வினை. ‘வொஸ் கோஸ்ட் பை’ என்று போட்டால்தான் பொருள் சரிவருகிறது என்றால் அது மறுதிசை வினை.

ஆனால் இந்தச் சோதனையே இன்னொரு பிழைக்கு இடம் கொடுக்கும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ‘வொஸ் கோஸ்ட் பை’ சரி என்றபடியால் ‘வொஸ் றிசல்டட் ஃப்றொம்’, ‘வொஸ் றிசல்டட் பை’ என்றும் எழுதிவிடுகிறார்கள். ‘றிசல்ட்’ செயப்பாட்டு வினையாகாது. ‘ஸ்டெம்’, ‘அறைஸ்’ இரண்டும் ஆகா. அவற்றின் முன்னால் ‘இஸ்’, ‘வொஸ்’ போட்டுச் செயப்பாடாக்கினால் பிழை. ‘பிறிங் அபவுட்’ மட்டும் தாராளமாக ஆகும்: ‘த சேஞ்ச் வொஸ் ப்றோட் அபவுட் பை த நியூ றோட்.’ ஒரு வினை செயப்பாடாகும், மற்றது ஆகாது என்பதற்குக் காரணம் என்ன என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். அதற்கும் தமிழ் இலக்கணத்திலிருந்தே பதில் சொல்லலாம்.

நமக்குத் தன்வினை, பிறவினை என்று இரண்டு உண்டு. உருவாகு, உருவாக்கு. திரும்பு, திருப்பு. உண்டாகு, உண்டாக்கு. குளக்கட்டு உடைந்தது என்பது ஒன்று, குளக்கட்டை உடைத்தார்கள் என்பது வேறொன்று. ஒரே எழுத்து அசைந்து பொருளை மாற்றிவிடும். ஆங்கிலத்தில் இப்படி மாறும் வினைகள் குறைவு. அங்கே ஒரே வடிவமே இரண்டுக்கும் நிற்கும், அல்லது வினையையே மாற்றிவிடுகிறார்கள். ‘கம் அபவுட்’ தன்வினை: நிகழ். ‘பிறிங் அபவுட்’ பிறவினை: நிகழ்த்து. ‘ஹௌ டிட் திஸ் கம் அபவுட்?’ என்றால் இது எப்படி நிகழ்ந்தது என்று பொருள். அதற்குச் செயப்படுபொருள் கிடையாது. ‘வட் ப்றோட் திஸ் அபவுட்?’ என்றால் எது இதை நிகழ்த்தியது என்று பொருள். இங்கே ‘இதை’ இருக்கிறது. செயப்படுபொருள் உள்ள வினைதான் செயப்பாட்டு வினையாகும் என்ற விதி இரண்டு மொழிக்கும் பொது. ‘றிசல்ட்’, ‘ஸ்டெம்’, ‘அறைஸ்’, ‘கம் அபவுட்’ நான்கும் தன்வினைகள். இந்த ஒரு விளக்கத்தைத் தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கூடிப் பேசி ஒரே வாரத்தில் இரண்டு பாடத்திலும் நடத்தினால் அதன் பயன் பெரிது.

‘பிறிங் அபவுட்’, ‘செட் ஓஃப்’, ‘புட் டவுன் டு’ ஆகியவற்றில் ‘இட்’ என்ற பிரதிப்பெயர் வினைக்கும் ஒட்டுச் சொல்லுக்கும் நடுவில் வரும்: ‘ப்றோட் இட் அபவுட்’, ‘செட் இட் ஓஃப்’. ‘லெட் டு இட்’ என்பதில் அப்படிப் பிரிக்க முடியாது. இலக்கணக்காரர் இவற்றை வேறுவேறு பெயரிட்டுப் பிரிப்பார்கள். சாதாரண தர மாணவருக்கு அந்தப் பெயர்கள் தேவையில்லை. ‘இட்’ எங்கே நிற்கும் என்பது தேவை. வாசிக்கும்போது குரல் விழும் இடமும் இதைக் காட்டிக்கொடுக்கும். ‘பிறிங் அபவுட்’டில் அழுத்தம் ‘அபவுட்’டில் விழும்; ‘லீட் டு’வில் ‘லீட்’டில் விழும்.

இனி, பட்டியல் எல்லாவற்றையும் ‘ஏற்படுத்து’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால் தொலைந்துபோகும் வேறுபாடுகள். ‘பிறிங் அபவுட்’ பெரும்பாலும் மாற்றத்துக்கு உரியது. ஒரு நிலை போய் இன்னொரு நிலை வருவதற்கு. ‘த மொஸ்கிற்றோ ப்றோட் அபவுட் ஃபீவர்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு நெருடும். நோய்க்கும் நோவுக்கும் உரியது ‘பிறிங் ஒன்’. நெல் வெட்டும் மெசின் கிளப்பும் தூசியில் ஒருவருக்குத் தொய்வு வந்தால் ‘த டஸ்ட் ப்றோட் ஒன் ஹிஸ் அஸ்மா’. வேண்டாத ஒன்று வந்து சேர்ந்தது என்ற பொருள் அதற்குள்ளேயே உண்டு.

‘செட் ஓஃப்’ நொடியில் நடப்பது. கண்ணிவெடி அபாயப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சுற்றிவளைத்து விளக்க வேண்டியதில்லை. நிலத்தைக் கிளறிய மண்வெட்டி வெடியை ‘செட் ஓஃப்’ பண்ணும். யானையை விரட்டக் கொளுத்தும் யானைவெடிக்கும் அதே வினைதான். சின்ன ஒன்று பட்டதும் பெரிய ஒன்று கிளம்புவது என்பதே அதன் உட்பொருள். அதனால் தொடர் விளைவுகளைக் கிளப்பும் செயலுக்கும் அது பொருந்தும். ‘ஸ்பார்க் ஓஃப்’ அதன் உறவுக்காரன். போராட்டம், வேலைநிறுத்தம், வாக்குவாதம் போன்றவற்றோடு வரும். மெல்ல மெல்ல வருடக்கணக்கில் நடந்த மண்ணரிப்பையும் காடழிவையும் ‘செட் ஓஃப்’ என்று எழுதக் கூடாது. ‘செட்’ இறந்தகாலத்திலும் ‘செட்’தான், ‘செட்டட்’ என்று ஒன்று இல்லை. ‘அறைஸ்’ இறந்தகாலத்தில் ‘அறோஸ்’ ஆகும், ‘அறைஸ்ட்’ அல்ல.

‘ஸ்டெம்’ என்றால் தண்டு. தண்டு ஒன்றிலிருந்து கிளம்பி நிற்பதுபோல ஒரு பிரச்சினை இன்னொன்றிலிருந்து கிளம்புவதைச் சொல்வது ‘ஸ்டெம் ஃப்றொம்’. சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீருக்கு வரும் பிணக்குகளை எழுத இது நல்ல வினை: ‘த டிஸ்பியூட் ஸ்டெம்ஸ் ஃப்றொம் த ஷோட்டேஜ் ஒஃப் வோட்டர்.’ ‘என்ட் அப்’ வேறு மாதிரி. அதற்கு எழுவாய் பெரும்பாலும் மனிதர். நினைத்திராத இடத்தில் போய் நிற்பதைச் சொல்லும். நுண்கடன் கட்ட வழியில்லாமல் கறவை மாட்டை விற்கும்படி ஆயிற்று என்பதை ‘தே என்டட் அப் செலிங் த கௌ’ என்று எழுதலாம். ‘என்ட் அப்’புக்குப் பின்னால் வரும் வினை ‘இங்’ ஏற்று வரும்.

‘இங்’ என்றதும் ‘லீட் டு’வுக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அதிகம் எழுதப்படுவதும் அதிகம் பிழைப்பதும் அதுதான். ‘டு’வைக் கண்டதும் பிள்ளை வெறும் வினையடியைப் போடுகிறது: ‘லெட் டு லூஸ் தெயர் குறொப்ஸ்.’ இந்த ‘டு’ நமது நான்காம் வேற்றுமை ‘கு’. ‘கு’வுக்கு முன்னால் நம்மிடம் பெயர்தான் வரும், அல்லது ‘இழப்பதற்கு’ என்பதுபோல் பெயராக்கிய வினை வரும். ‘இங்’ செய்வதும் அந்தப் பெயராக்கத்தைத்தான்: ‘லெட் டு ஃபாமர்ஸ் லூசிங் தெயர் குறொப்ஸ்.’ ஆளை ‘லீட்’டுக்கும் ‘டு’வுக்கும் நடுவில் நிறுத்தினால் மட்டும் வெறும் வினையடி வரும்: ‘லோ ப்றைசஸ் லெட் ஃபாமர்ஸ் டு கிவ் அப் பெடி.’ அப்போது பொருள், விலை குறைவு விவசாயியை நெல்லைக் கைவிடும் முடிவுக்குக் கொண்டுவந்தது என்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டாமல் வாயால் மட்டும் சொன்னால் விளங்காது. எழுத்துக்கூட்டலும் கவனிக்க வேண்டும். இறந்தகாலம் மூன்று எழுத்து: எல், ஈ, டி. ஈயம் என்ற உலோகத்தின் பெயர் நான்கு எழுத்தில் எழுதப்பட்டும் ‘லெட்’ என்றே ஒலிப்பதால், ஒலி கேட்டு எழுதும் பிள்ளை நடுவில் ‘ஏ’யைச் சேர்த்துவிடும். ‘ப்றோட்’டில் ‘ஆர்’ விட்டுப்போனால் அது வாங்கினான் என்றாகிவிடும்.

‘புட் டவுன் டு’வும் ‘கொன்ட்றிபியூட் டு’வும் கல்விப் பக்கங்களில் அநேகமாக வருவதே இல்லை. எங்கள் எண்ணத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இந்த இரண்டையும் பிள்ளைகள் அறிய வேண்டும். காரணம் எது என்று எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதை அளந்து சொல்ல உதவும் வினைகள் இவை. வயலில் விளைச்சல் விழுந்தது. அறக்கொட்டிப் பூச்சியால்தான் என்று விவசாயிகள் கருதுகிறார்கள். ‘ஃபாமர்ஸ் புட் த லொஸ் டவுன் டு ஹொப்பர்ஸ்.’ இது அவர்களுடைய கருத்து. நிரூபணம் என்று வாக்கியம் சொல்லவில்லை. விளைவு நடுவில், காரணம் கடைசியில் என்ற ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். ஏ-9 வீதியில் இரவு விபத்துகளுக்கு வேகம், வெளிச்சமின்மை, கட்டாக்காலி மாடுகள் எனப் பல காரணங்கள் உண்டு. ‘ஸ்ட்றே கட்டில் கொன்ட்றிபியூட் டு நைட் அக்சிடன்ட்ஸ்’ என்றால் மாடும் ஒரு காரணம் என்று பொருள். ‘லீட் டு’ போட்டால் பாரம் முழுவதும் மாட்டின் தலையில் விழுந்துவிடும். வவுனியாவின் சில பகுதிகளிலும் வடமத்திய மாகாணத்திலும் பரவியிருக்கும் சிறுநீரக நோயின் காரணம் இன்னும் அறுதியாக நிறுவப்படவில்லை. அதைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளை ‘றிசல்ட்ஸ் ஃப்றொம்’ என்று எழுதினால் ஆங்கிலம் சரியாக இருந்தும் செய்தி பிழை. ‘மே கொன்ட்றிபியூட் டு’, ‘ஹாஸ் பீன் லிங்க்ட் டு’ என்று எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

கற்பிக்கும் முறையைப் பொறுத்தவரை, பன்னிரண்டு வினைகள் போதும், ஐம்பது வேண்டாம். கிழமைக்கு இரண்டாக ஆறு கிழமை. இரண்டையும் சோடியாகக் கொடுக்க வேண்டும்: ‘றிசல்ட் இன்’ஓடு ‘றிசல்ட் ஃப்றொம்’, ‘பிறிங் அபவுட்’டோடு ‘கம் அபவுட்’, ‘லீட் டு’வோடு ‘ஸ்டெம் ஃப்றொம்’, ‘பிறிங் ஒன்’னோடு ‘செட் ஓஃப்’, ‘கொன்ட்றிபியூட் டு’வோடு ‘புட் டவுன் டு’, ‘அறைஸ் ஃப்றொம்’மோடு ‘என்ட் அப்’. கொப்பித் தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஐந்து காரணம், வலப்பக்கம் அவற்றின் ஐந்து விளைவு, முதலில் தமிழில். பிறகு ஒவ்வொன்றையும் ஒருதரம் இடமிருந்து வலமாகவும் ஒருதரம் வலமிருந்து இடமாகவும் ஆங்கில வாக்கியமாக்க வேண்டும். பத்து வாக்கியம், பத்துப் பதினைந்து நிமிடம். ‘கம் அபவுட்’, ‘என்ட் அப்’ இரண்டுக்கும் இந்தப் பயிற்சி பொருந்தாது. அவற்றுக்குத் தனியே மூன்று வாக்கியம் எழுதினால் சரி.

திருத்தும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சிவப்பு மையால் வெட்டாமல் முதல் நாள், வாக்கியத் தொடக்கத்தில் ‘டியூ டு’ நிற்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். அந்தப் பிழை ஓய்ந்த பிறகு ‘வொஸ் றிசல்டட்’, அதன் பிறகு ‘டு’வுக்குப் பின்னால் ‘இங்’. எழுத்துக்கூட்டல் கடைசியில்.

உதாரணங்கள் பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து வரவேண்டும். 2018 டிசம்பரில் பெய்த கடும் மழை, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தது, கிளிநொச்சி, முல்லைத்தீவில் வெள்ளம், குடும்பங்கள் வீடுவிட்டு வெளியேறித் தற்காலிக முகாம்களில் தங்கியது எல்லாம் ஒரு சங்கிலி. நடுவில் இருக்கும் வெள்ளம் மழைக்கு விளைவு, இடப்பெயர்வுக்குக் காரணம். ‘த ஃப்ளட்ஸ் றிசல்டட் ஃப்றொம் ஹெவி றெயின்’, ‘த ஃப்ளட்ஸ் றிசல்டட் இன் டிஸ்ப்ளேஸ்மன்ட்’ என்று ஒரே எழுவாயை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டலாம். 2021 இல் இரசாயன உரத்துக்கு வந்த தடையும் அடுத்த காலபோக விளைச்சல் விழுந்ததும் உயர்தரப் பொது ஆங்கில வகுப்புக்கு ஏற்ற சோடி.

பத்திரிகைத் தமிழையும் இந்த வினைகள் தொட்டிருக்கின்றன. ‘விபத்து மூவரின் மரணத்துக்கு வழிவகுத்தது’ என்று செய்திகளில் வருகிறது. இது ‘லெட் டு’வின் நேர்பெயர்ப்பு. வழிவகுத்தல் நாம் நல்லதை நோக்கிச் செய்யும் காரியம். சமாதானத்துக்கு வழிவகுக்கலாம், மரணத்துக்கு யாரும் வகுப்பதில்லை. விபத்தில் மூவர் இறந்தனர் என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் ‘ஆல்’ஐ வெட்டச் சொல்லும் நாம், தமிழில் அதை அதற்குரிய இடத்தில் விட்டுவைக்க வேண்டும்.

அடுத்த பரீட்சைக் காலத்துக் கல்விப் பக்கத்தில் வினைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எந்தப் பக்கம், விளைவு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறியும், முழு வாக்கியமாக ஓர் உதாரணமும், அதே வாக்கியத்தின் பிழையான வடிவம் ஒன்றும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம். இடம் போதாவிட்டால் தமிழ்ப் பொருளை விட்டுவிடலாம், அம்புக்குறியை விடவேண்டாம்.

இங்ஙனம்,
ஆங்கிலம் கற்பிப்போர் சிலர்,
கிளிநொச்சி.